பாபிலோனில் வீடு கட்டச் சொன்னவர்

மார்ச் 3, செவ்வாய்

என் கணவருடைய சிறுநீரகம் இனி பழையபடி வேலை செய்யாது என்று மருத்துவர் இன்று சொல்லிவிட்டார். வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் டயாலிசிஸ்.

அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனபின், வெளியே உட்கார்ந்து எரேமியா 29-ஐ முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். 11-ஆம் வசனம் சிறுவயதிலிருந்தே மனப்பாடம்: “நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்; அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, 2 வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக அறிவிக்கிறான். எரேமியாவுக்கும் அதுதான் ஆசை. “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்கிறார். ஆனால் கர்த்தர் சொல்லி அனுப்பினதோ 70 வருஷம். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள்.

அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. அவர்களும் சேர்ந்து கேட்ட வாக்குத்தத்தம்தான் இது. தம்முடைய நினைவுகளைத் தாம் அறிந்திருப்பதாகக் கர்த்தர் சொல்கிறார். அதை நாள்வாரியாக நமக்கு விளக்குவதாக அவர் சொல்லவில்லை. இன்றைக்கு எனக்கு இது ஆறுதலாகவே இருந்தது. 2 வருஷக் கணக்கை நம்பி உட்கார வேண்டியதில்லை அல்லவா?

மார்ச் 5, வியாழன்

டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தநாளங்களை இணைத்துப் போட்ட ஃபிஸ்டுலா இன்னும் தயாராகவில்லை. அந்த இரத்தநாளம் பெருத்து வர இன்னும் சில வாரங்கள் ஆகும். அதுவரை கழுத்தில் பொருத்திய குழாய் வழியாகத்தான். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. இரவில் தாகத்தோடு புரண்டு படுக்கிறவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது கஷ்டம். “காலைதோறும் புதியவைகள்” என்று புலம்பல் 3 சொல்கிற இரக்கத்தை நம்பித்தான் விடியலுக்குக் காத்திருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து பலர் வந்தார்கள். எல்லாரும் அன்பினால்தான் வந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஒருவர், குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள் என்றார். இன்னொருவர், விசுவாசம் இருந்தால் மெஷினே வேண்டாம் என்றார். என் கணவர் சிரித்த முகமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் போனபின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

யோபுவின் சிநேகிதர்கள் 7 நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே சிறந்த ஊழியம் அதுதான் என்று நினைக்கிறேன். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பின்தான் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபப்படுவது அந்த விளக்கங்கள்மேல். கதறிய யோபுவின்மேல் அல்ல.

“சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது” என்பதை நான் முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் அதே ரோமர் 8-இல் பெருமூச்சும் இருக்கிறது, உபத்திரவமும் பசியும் பட்டயமும் இருக்கிறது. இவையெல்லாம் நம்மைத் தொடாது என்று பவுல் எழுதவில்லை. இவற்றால் நம்மைக் கிறிஸ்துவின் அன்பைவிட்டுப் பிரிக்க முடியாது என்றுதான் எழுதினார். வேதனைப்படுகிறவன் தானே அதைச் சொல்லுகிற நாள் வரும்வரை, பக்கத்தில் இருப்பவர்கள் பொறுத்திருக்கலாம்.

சபையில் மூத்த அக்கா ஒருவர் ஒன்றுமே சொல்லவில்லை. காய்ந்த துணிகளை மடித்து வைத்துவிட்டு, என் தலையில் கைவைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 14, சனி

டயாலிசிஸ் நடக்கும்போதே இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. நர்ஸ்கள் ஓடிவந்து கால்களை உயர்த்தி வைத்தார்கள். இப்போது தேறிவிட்டார், தூங்குகிறார்.

எனக்கு ஜெபிக்க வரவில்லை. 13-ஆம் சங்கீதத்தைத் திறந்தேன். முதல் 2 வசனங்களுக்குள் தாவீது 4 தடவை “எதுவரைக்கும்” என்று கேட்டுவிடுகிறான். அது முடிவதற்குள் பாட்டாகிவிடுகிறது. 88-ஆம் சங்கீதமோ அப்படித் திரும்புவதே இல்லை, இருளிலேயே முடிகிறது. அதையும் எடுத்துப்போடாமல் பரிசுத்த வேதத்தில் வைத்திருக்கிற தேவன், என் இன்றைய இரவையும் தாங்குவார். அந்தச் சங்கீதத்தையே என் ஜெபமாகச் சொல்லிவிட்டுப் படுக்கிறேன்.

மார்ச் 20, வெள்ளி

“கடவுளோட திட்டம்னா அப்பாவுக்கு வியாதி வரணும்ங்கிறதுதான் திட்டமாம்மா?” என்று மகள் கேட்டாள். உடனே பதில் சொல்லவில்லை. யோசேப்பின் கதையைச் சேர்ந்து வாசித்தோம்.

அவன் சகோதரர்களால் விற்கப்பட்டபோது 17 வயது, பார்வோனுக்கு முன் நின்றபோது 30. நடுவில் 13 வருஷம். “தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்” என்று அவன் சொல்வது அதற்கும் வெகுகாலம் கழித்து, தகப்பனை அடக்கம்பண்ணின பிறகு. சகோதரர்கள் செய்தது நல்லது என்று அவன் அப்போதும் சொல்லவில்லை. நீங்கள் தீமை செய்ய நினைத்தீர்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறான். சிறையில் இருக்கும்போதும், என்னை இங்கே அடைக்க நான் ஒன்றும் செய்யவில்லையே என்று பானபாத்திரக்காரனிடம் முறையிடத்தான் செய்தான். தேவன் தீமையை நன்மை என்று பேர் மாற்றுகிறவரல்ல, அதையும் தம் கையில் எடுத்து வேறொன்றாக முடிக்கிறவர் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு முழுத் திருப்தி இல்லை. இன்னும் கேட்கட்டும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வசனம். “உங்கள் முகங்கள் இன்று துக்கமாயிருக்கிறது என்ன?” சிறைக்குள் இருக்கிற யோசேப்பு சக கைதிகளிடம் கேட்கிறான். தன் துக்கமே மலையாக இருக்கும்போது அடுத்தவன் முகத்தைக் கவனித்திருக்கிறானே!

மார்ச் 21, சனி

அடுத்த படுக்கைக்காரருடைய மனைவி தினமும் மூலையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். இன்று போய், “ஏம்மா, முகம் வாடியிருக்கே?” என்று கேட்டேன். அழுதுவிட்டாள். வேறு மார்க்கத்தைச் சேர்ந்தவள். நான் பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகும்போது, “எங்களுக்காகவும் வேண்டிக்கோங்கக்கா” என்றாள். அந்த டயாலிசிஸ் அறையின் சமாதானத்துக்காக இனி தினமும் ஜெபிப்பதென்று நானும் என் கணவரும் முடிவுசெய்தோம்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

கெத்செமனே தோட்டத்தில், பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி இயேசு கேட்டார். ஒருமுறை அல்ல, 3 முறை கேட்டார் என்று மத்தேயு எழுதுகிறார். பாத்திரம் நீங்கவில்லை. பவுலும் தன் மாம்சத்தில் முள்ளாய்க் குத்தின வேதனை நீங்கும்படி 3 முறை கேட்டான். முள் போகவில்லை, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில் வந்தது. ஆகவே சுகம் கேட்பது அவிசுவாசமும் அல்ல, கேட்டது கிடைக்காதது தள்ளப்பட்டதும் அல்ல. எபிரெயர் 5, இயேசுவுடைய கண்ணீரின் விண்ணப்பம் கேட்கப்பட்டது என்றே சொல்கிறது. கேட்கப்பட்ட ஜெபத்துக்குப் பின்னும் சிலுவை இருந்தது. இதை இன்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பிதா அவரைக் கல்லறையில் விட்டுவிடவில்லை என்பதே என் நம்பிக்கைக்கு ஆதாரம். வேறு ஆதாரம் என்னிடம் இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஃபிஸ்டுலா வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். தோத்திரம். நான் சிறுநீரகம் கொடுக்க முடியுமா என்று பரிசோதனைகள் நடக்கின்றன. இரத்த வகை ஒத்துப்போகிறது, மற்ற முடிவுகள் வரவேண்டும். பொருந்தாவிட்டால் என்ன செய்வோம் என்று கேட்டேன். “தப்புவிக்கிற தேவன்னும் சொன்னாங்க, விடுவிக்காமற்போனாலும்னும் சொன்னாங்க. மூணு பேரும் ரெண்டையும் ஒரே மூச்சில சொன்னாங்க,” என்றார்.

ஞாயிறு பள்ளியில் மறுபடி வகுப்பெடுக்கப் போகிறார். முதல் பாடம், எரிகிற சூளையில் போடப்பட்ட அந்த மூன்று பேரின் கதை வருகிற தானியேல் 3-தான். வியாழக்கிழமை 4 மணி நேரத்தில் பாடத்தைத் தயார் செய்துவிடுவாராம். ஊசி இருக்கிற கையை அசைக்கக் கூடாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். பிள்ளைகளுக்கான நோட்டு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.