பொருநை என்ற விண்கலம்: பணகுடி நாட்குறிப்பு

2025 ஏப்ரல் 20, ஞாயிறு

மூன்று நாளாகப் பத்திரிகையைத் திறந்தால் கே2-18பி. 124 ஒளியாண்டு தள்ளி, சிம்ம விண்மீன் கூட்டத்தின் பக்கம், ஒரு சிவப்புக் குறுவிண்மீனை 33 நாளுக்கு ஒரு முறை சுற்றிவரும் கோள். கேம்பிரிட்ஜில் நிக்கு மதுசூதன் குழு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் பார்த்து, அதன் காற்றில், உயிர் இருப்பதைக் காட்டக்கூடிய டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு இருப்பதற்கான தடயம் தெரிகிறது என்கிறது. உறுதி என்று அவர்களே சொல்லவில்லை. நம்பகத்தை அளக்கும் சிக்மா கணக்கில் மூன்றுதான் எட்டியிருக்கிறது, கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து வேண்டும். தலைப்புப் போட்டவர்கள் அந்த வரியை விழுங்கிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவளுக்கு இது வலிக்கத்தான் செய்யும்.

ஆனாலும் அந்த வாயு என் மனசைப் பிடித்துக்கொண்டது. நம் பூமியில் அதைப் பெரும்பாலும் உண்டாக்குவது கடலில் மிதக்கும் நுண்பாசிகள். உவரிக் கடற்கரையில் வண்டியை நிறுத்தியதும் மூக்கில் ஏறுமே ஒரு வாசனை, அதில் இதற்கும் பங்கு உண்டு.

கல்லூரி நாளிலிருந்து மனசுக்குள் கிடக்கும் கதையை இன்றைக்கு ஆரம்பித்துவிட்டேன். ஒரு விண்கலம். அதன் பெயர் பொருநை, நம் தாமிரபரணியின் பழைய பெயர். அதில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு நீண்ட போரில் இருந்து மீண்டவர்கள். கரையே இல்லாத, முழுக்கக் கடலான ஒரு கோளை ஆராயப் போகிறார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பாதியாவது முடிக்கவேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இந்த வாரம் முழுக்கக் கணக்கு. என் கோளுக்கு கே2-18பியின் அளவையே எடுத்துக்கொண்டேன்: நிறை பூமியைப் போல் 8.6 மடங்கு, ஆரம் 2.6 மடங்கு. நிறையை ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்த்தால் ஈர்ப்பு நம்மைவிட ஒன்றேகால் மடங்குதான் வருகிறது. அறுபது கிலோ ஆள் எழுபத்தைந்து கிலோவாகக் கனப்பார். அதாவது, கப்பலில் உள்ள எல்லாரும் எந்நேரமும் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே நடக்கிற மாதிரி. இதைக் கண்டுபிடித்ததும் எழுந்து வீட்டுக்குள் ரெண்டு சுற்று நடந்தேன்.

அப்புறம் ஆழம். நம் கடலில் மிக ஆழமான பள்ளம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர், அதன் அடியில் அழுத்தம் நம் காற்றின் அழுத்தத்தைப்போல் ஆயிரத்துச் சொச்சம் மடங்கு. அதைப்போல் பத்து மடங்கு அழுத்தினால், வெயில் காலத்துக் கிணற்றுத் தண்ணீர் சூட்டிலேயே தண்ணீர் உறைந்துவிடும். குளிரால் உறைவதில்லை, நெரிசலால் உறைவது. நாம் சர்பத்தில் போடும் ஐஸ் மிதக்கும், இந்த ஐஸ் மூழ்கும். என் கோளில் எழுபது எண்பது கிலோமீட்டர் இறங்கினால் இது வந்துவிடும். ஆகவே அந்தக் கடலுக்குச் சேறும் பாறையுமான அடி இல்லை. தன் பாரத்தாலேயே இறுகிப்போன தண்ணீர்தான் தண்ணீருக்கு அடி.

மே 4, ஞாயிறு

முதல் அத்தியாயத்தைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். தார்சாவில் ஈஸிச்சேரைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பதினெட்டுப் பக்கத்தையும் வாசித்தார்.

பெரியப்பா பீரங்கிப் படையில் இருந்தவர். 1999இல் கார்கில் சண்டையின்போது திராஸ் பக்கம் போஃபர்ஸ் பீரங்கியில் நின்றவர். ஒரு குண்டு நாற்பது கிலோவுக்கு மேல். மூச்சு முட்டும் உயரத்தில் அதைக் கைக்குக் கை மாற்றியதைச் சொல்லுவார், குளிரைச் சொல்லுவார், தகர டப்பா மீனைச் சொல்லுவார். அதற்கு மேல் சொன்னதில்லை.

என் அத்தியாயத்தில் பொறியாளர் ராத்திரி அலறிக்கொண்டு எழுகிறார். மருத்துவர் குளியலறையில் உட்கார்ந்து அழுகிறார். தலைவர் கண்ணாடி டம்ளரைச் சுவரில் எறிகிறார்.

வாசித்து முடித்துவிட்டுப் பெரியப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏட்டி, இவனுவ காலையில எந்திரிச்சு என்ன வேலை செய்யுதானுவ?"

நான் முழித்தேன்.

"வேலை இல்லாம எப்படி இருப்பானுவ? இது சினிமால்லா."

கோபமாக வந்தது. ராத்திரி எடுத்து மறுபடி வாசித்தேன். அவர் சொன்னது சரி. பதினெட்டுப் பக்கத்தில் ஒருத்தர்கூட ஒரு திருகாணியை முடுக்கவில்லை.

மே 8, வியாழன்

நேற்று விடிந்ததில் இருந்து டி.வி.யில் எல்லைச் சண்டைச் செய்திதான். பெரியம்மா பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாழைக்கு மண் அணைக்கப் போனார். இன்றைக்கும் போனார், அதே வாழைக்கு.

நான் எழுதவில்லை.

மே 11, ஞாயிறு

நேற்று சாயங்காலம் சண்டை நிறுத்தம் என்று செய்தி வந்தது. இன்றைக்குக் காலையில் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, நான் கேட்காமலே பெரியப்பா பேசினார். முடிந்தமட்டும் அவர் வாய்ச்சொல்லிலேயே எழுதி வைக்கிறேன்.

"எதிர்ப்பக்கம் வெளிச்சம் தெரியும். உடனே எண்ண ஆரம்பிச்சிரணும். சத்தம் வாரதுக்குள்ள மூணு எண்ணினா ஒரு கிலோமீட்டர். ஒம்பது எண்ணினா மூணு கிலோமீட்டர். அந்த எண்ணுதது நிக்கல பாத்துக்கோ. இருபத்தாறு வருசமாச்சு, நிக்கல. மின்னல் வெட்டினா எண்ணுவேன். தீவாளிக்கு எண்ணுவேன். ஒங்க பெரியம்மா அடுப்புல கடுகு போட்டா, வெடிக்கதுக்கு முன்ன எண்ணிக்கிட்டு இருப்பேன்."

எங்கள் ஊர்ப் பக்கம் மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. விகாஸ் ராக்கெட் இயந்திரத்தையும் கிரையோஜெனிக் இயந்திரத்தையும் அங்கேதான் சோதிக்கிறார்கள். ககன்யானுக்காக 2021 ஜூலையில் விகாஸை 240 நொடி எரித்தார்கள், 2022 ஜனவரியில் கிரையோஜெனிக்கை 720 நொடி. சோதனை நாளில் மலையே உறுமுவது போல இருக்கும். அந்த நாட்களில் பெரியப்பா என்ன பாடுபடுவாரோ என்று இத்தனை வருசமாக நான் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். கேட்டேவிட்டேன்.

"அதுவா? அது நல்லால்லா இருக்கும். ஒரே சத்தமா நிக்கும், அப்புறம் ஓயும். எண்ணுததுக்கு அதுல எடமே இல்ல. எனக்குத் தூக்கம்கூட வரும்."

"அப்போ எதுக்குப் பெரியப்பா பயம் வரும்?"

காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "மட்டை விழுததுக்கு."

தென்னை மட்டை. பின்கட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் எப்போதாவது பொத்தென்று விழும் காய்ந்த மட்டை. வெளிச்சம் இல்லாமல் வரும் சத்தம், எங்கிருந்து எண்ணுவது என்று தெரியாத சத்தம். அந்த ஒற்றைத் தென்னையை வெட்டச் சொல்லி பெரியம்மா வருசாவருசம் சொல்லுவார்கள். ஆச்சி வைத்த மரம் என்று பெரியப்பா விடமாட்டார்.

நான் என் கப்பலில் வைத்த அலறல், அழுகை, டம்ளர் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

மே 18, ஞாயிறு

என்னோடு வேலை பார்க்கும் டீச்சரின் அப்பா உவரிக்காரர், நாற்பது வருசம் கடலுக்குப் போனவர். கடலைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ராதாபுரம், திசையன்விளை வழியாகப் போனோம். வழியில் ஆயன்குளத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தோம். 2021 மழையில் வெள்ளத்தைத் திருப்பிவிட்டும் நிரம்பாமல் குடித்துக்கொண்டே இருந்த கிணறு. கீழே சுண்ணாம்புப் பாறைக் குகைகள் என்று சென்னை ஐ.ஐ.டி.யில் இருந்து வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள்.

உவரியில் கப்பல் மாதா ஆலயம் கப்பல் வடிவில் நிற்கிறது, மேலே ஒரு ஆகாய விமானம். என் விண்கலத்துக்கு இதைவிட நல்ல படம் எங்கே கிடைக்கும்! கொஞ்ச நேரம் வெயிலில் நின்று பார்த்தேன்.

அந்தப் பெரியவர் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்கிறார். ரெண்டு கையையும் விரித்தால் இந்த விரல் நுனியில் இருந்து அந்த விரல் நுனி வரை ஒரு பாகம். கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, மேலே இழுக்கும்போது நெஞ்சுக்கு நேரே கையை விரித்து விரித்து அளந்து காட்டினார். கயிறு இல்லாத வெறும் கைதான். ஆனாலும் பத்தாவது பாகத்தில் அவர் தோள் இறங்கி, மூச்சு வாங்கியது. இடம் கண்டுபிடிப்பதற்கு மலை ஒரு குறி, கோயில் கோபுரம் ஒரு குறி. ரெண்டும் ஒரு நேர்கோட்டில் வந்தால் கீழே இன்ன பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கிறது என்று கணக்கு.

"கரையே கண்ணுல தெரியாத கடல்னா என்னய்யா செய்வீங்க?"

"நட்சத்திரத்தப் பாப்போம் டீச்சர்."

"எவ்வளவு போனாலும் கரையே இல்லாத கடல்னா?"

கொஞ்சம் யோசித்தார். "கரை இல்லன்னா அதுக்குக் கடல்னு எதுக்கு டீச்சர் பேரு?"

காற்று ஒரு பொட்டு இல்லை, தென்னை ஓலை அசையவில்லை. ஆனால் அலை மட்டும் ஒவ்வொன்றாகத் தடித்து வந்து, மேட்டில் ஏற்றி வைத்திருந்த வள்ளங்களின் அடிமரத்தை நனைத்துவிட்டுப் போனது. கள்ளக்கடல் என்றார் அந்தப் பெரியவர். தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் கடைசியில் அடித்த புயல் கிளப்பும் அலை இது. ஐயாயிரம் கிலோமீட்டர் கடந்து நாலைந்து நாள் கழித்து இங்கே ஏறும். அது ஏறும் நேரத்தில் அங்கே புயலே ஓய்ந்திருக்கும். இப்போது ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையத்தில் இருந்து முன்கூட்டியே எச்சரிக்கை போனுக்கு வந்துவிடுகிறது, அந்தக் காலத்தில் அதுவும் கிடையாது என்றார்.

பெரியப்பா இதைக் கேட்டுவிட்டு எதுவும் பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணல் வரை நடந்து போய் நின்றார். ஒரு அலை வந்து முழங்கால் வரை நனைத்தது. வேட்டியைத் தூக்கிக் கட்டவில்லை. அடுத்த அலை வருவதற்குள் அவர் உதடு அசைவதை நான் பார்த்தேன்.

திரும்பும்போது காரில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். கரை இல்லாத கோளில் இந்த அலை எதில் மோதி ஓயும்? நம் அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் அலைக்குக் குறுக்கே நிலம் இல்லாததால்தான் அங்கே அவ்வளவு பெரிய அலை. என் கோளில் எந்தத் திசையிலும் நிலம் இல்லை. என்றோ செத்த புயலின் அலை கோளைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மே 25, ஞாயிறு

நேற்றே கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் கச்சான் காற்று புகுந்து, இங்கே காற்றாலை எல்லாம் முழு வேகத்தில் சுற்றுகின்றன. ஜன்னலைச் சாத்திவிட்டு ரெண்டாம் அத்தியாயம் எழுதினேன்.

பொருநையில் ஒரு பழைய பீரங்கிக்காரர் இருக்கிறார். எண்ணுவதை நிறுத்தமுடியாதவர். கடலில் இறங்கிய முதல் நாள், ஆழம் அளக்கும் எதிரொலிக் கருவியின் கடிகாரம் பழுதாகிவிடுகிறது. ஒலியை அனுப்ப முடிகிறது, திரும்பி வருவதைக் கேட்கவும் முடிகிறது, நேரத்தைத்தான் குறிக்க முடியவில்லை. அந்த இடத்தைக் கீழே தருகிறேன்:

"ஒலி கீழே போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு எண்ணத் தொடங்கினார். இருபது. முப்பது. இவ்வளவு நீளமாக அவர் எண்ணியதே இல்லை. முன்பெல்லாம் பதினைந்துக்குள் ஏதாவது ஒன்று வந்து விழுந்துவிடும். நாற்பது தாண்டியதும் மருத்துவர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அறுபது. எழுபது. எண்பதில் கடலின் அடி பதில் சொன்னது."

எண்பது எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு: தண்ணீரில் ஒலி நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டர் போகும். எண்பது கிலோமீட்டர் போய்த் திரும்ப 107 நொடி. ஆனால் அழுத்தம் கூடக் கூட ஒலியின் வேகமும் கூடும். அதற்கு ஒரு மதிப்பு வைத்துக் குறைத்து எண்பதில் நிறுத்தினேன்.

ஜூன் 1, ஞாயிறு

நாளைக்குப் பள்ளிக்கூடம். பாதி முடிக்கவில்லை, ரெண்டு அத்தியாயம்தான்.

மத்தியானம் சொதியும் சோறும் முடிந்து எல்லாரும் தார்சாவில் படுத்திருந்தோம். பெரியப்பா ரெண்டாம் அத்தியாயத்தை வாசித்துவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி எடுத்து வாசித்தார்.

"எண்பது வரைக்கும் ஒரு மனுசன் ஒரே சீரா எண்ண முடியுமா?"

"நீங்கதான் பெரியப்பா சொல்லணும்."

"போனை எடு."

நிறுத்துக் கடிகாரத்தைத் தட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலில் ஒரு விரலால் தட்டித் தட்டி எண்ணினார். முப்பது வரை போனும் அவரும் ஒன்றாகவே போனார்கள். பெரியம்மா படுத்தபடியே கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்திரண்டில், காற்றுக்கு, பின்கட்டுக் கூரையில் மட்டை விழுந்தது.

விரல் நின்றுவிட்டது. பெரியம்மா எழுந்து உட்கார்ந்தார்கள். நான் போனை மடியில் கவிழ்த்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியப்பா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி என் முழங்காலைத் தட்டினார்.

"போனைத் திருப்பு. மொதல்ல இருந்து எண்ணுவோம்."