385-ஐ நம்பித் தெருவில் இறங்காதீர்கள்

வீடு வீடாக நலக் கணக்கெடுப்பு என்று பேச்செடுத்ததும் யாராவது ஒருவர் "385 பேர் போதுமே" என்பார். பாதிப்பேருக்கு நோய் என்று வைத்து, முன்பின் ஐந்து புள்ளி பிழை விட்டு, 95 சதவீத நம்பகத்துக்கு வரும் எண் அது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த் பகுதியில் பெரியவர்களின் சர்க்கரை நோயை அளப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒருவருக்கு என்று உத்தேசித்தால் கணக்கு வேறு: 1.96 × 1.96 × 0.2 × 0.8 (1.96 என்பது 95 சதவீத நம்பகத்துக்கான எண்), அதை 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 246. பிழை மூன்று புள்ளிக்குள் வேண்டுமா? 683.

இந்த 246 ஊர் முழுக்கச் சீட்டுக் குலுக்கி எடுத்தால்தான் செல்லும். நாம் போவதோ தெருத்தெருவாக. ஒரே தெருவில் வருமானமும் சாப்பாடும் ஏறக்குறைய ஒன்றுதான். பத்தாவது வீடு புதிதாகச் சொல்வது கொஞ்சம். அதற்கான ஈடுதான் டிசைன் எஃபெக்ட்: தெருவுக்கு எத்தனை வீடோ அதில் ஒன்றைக் கழித்து, தெருவுக்குள் உள்ள ஒற்றுமை அளவால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒற்றுமை 0.05 என்றால், தெருவுக்குப் பத்து வீட்டில் 1.45 மடங்கு, 357 பேர். இருபது வீட்டில் 1.95 மடங்கு, 480. பெட்ரோல் மிச்சம் என்று தெருக்களைக் குறைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பத்தைத் தாண்டாதீர்கள்.

நூற்றுக்குப் பதினைந்து வீட்டில் பதில் கிடைக்காது என்று வைத்தால், 357-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும், 1.15-ஆல் பெருக்கக் கூடாது. 420 வீடு, 42 தெரு, வீட்டுக்கு ஒரு பெரியவர், அவரும் குலுக்கலில்.

கேட் பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போவதுதான் பெரிய கேடு. வேலை நாள் பகலில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். சர்க்கரை அவர்களிடம்தான் அதிகம், எண் வீங்கிவிடும். மூன்று முறை திரும்பிப் போங்கள், ஒன்று மாலையில், ஒன்று ஞாயிறன்று. ஒரே கேட்டுக்குள் பின்கட்டில் வாடகைக் குடித்தனமும் இருக்கும். தனி உலை வைத்தால் தனிக் குடும்பம். பட்டியல் போடும்போதே எழுதிவிடுங்கள்.

நால்வர், ஆளுக்கு நாளைக்கு ஐந்து வீடு என்றால் 21 நாள். திரும்பிப் போக இன்னொரு வாரம். சாப்பாட்டைப் பற்றியும் கேள்வி இருந்தால் புரட்டாசியில் போகாதீர்கள், பல வீடுகளில் கறி மீன் அடுப்பேறாது. பணம் போதவில்லையா? பிழையை ஆறு புள்ளியாக்குங்கள்: 292 வீடு, 30 தெரு. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அந்த ஆறைப் போட்டுவிடுங்கள்.