தாய்மொழி ஆங்கிலம் இல்லை, அதனால் என்ன?

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க விண்ணப்பிக்கிற தங்கை தம்பிகளுக்கு. ஒரு நேர்காணலில் என் ஆறு வருட அனுபவத்தைக் கேட்கவே இல்லை, பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்டு இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள், அன்றைக்கு ரொம்ப வலித்தது. அப்புறம்தான் விசா விதிகளை உட்கார்ந்து படித்தேன்.

தென்கொரியாவின் தனியார் பயிற்சி மையங்களுக்கான ஈ-2 விசா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று 7 நாட்டுக்காரர்களுக்குத்தான். அங்கே மாதக்கணக்கில் விண்ணப்பித்துக்கொண்டிருக்காதீர்கள். ஜப்பானில் பள்ளிகளில் கற்பிக்கும் இன்ஸ்ட்ரக்டர் விசாவுக்கு 12 ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும், இது நம்மில் எத்தனையோ பேரிடம் இருக்கிறதே! படித்த பள்ளி, கல்லூரியில் மீடியம் சர்டிபிகேட்டை இப்போதே வாங்கிவிடுங்கள். வியட்நாம் என்றால் பட்டமும் டெசால் மாதிரி ஒரு கற்பித்தல் சான்றிதழும் வேண்டும், சான்றிதழ் உண்மையானது என்று அதிகாரப்பூர்வமாக உறுதிப்படுத்தி வாங்கும் அட்டஸ்டேஷனுக்கு நாளாகும், முதலில் அதைத் தொடங்குங்கள்.

சந்தேகம் இருந்தால் இன்பாக்ஸில் கேளுங்கள், என் விண்ணப்பக் கடிதத்தையே அனுப்புகிறேன்.