வீடு வாங்குபவர் ஏஜெண்டிடம் போடும் கையெழுத்து

வீடு பார்க்கக் கிளம்பும் முன் ஏஜெண்ட் நீட்டும் ஒப்பந்தத் தாளில் பலரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கமிஷனை எப்படியும் விற்பவர்தானே கொடுப்பார் என்ற நினைப்பு. தாளில் அப்படி இருக்காது. வீட்டு விலையில் இன்ன சதவீதம் தரகு தரும் பொறுப்பு வாங்குபவருடையது, விற்பவர் தருவது அதில் கழியும் என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 17 முதல், வீட்டு ஏஜெண்டுகளின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கம் தரகு வழக்கில் செய்துகொண்ட சமரசத்தை ஒட்டி, அந்த விதிக்குள் வரும் ஏஜெண்டுகள் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வீட்டைக் காட்டவே முடியாது. எனவே இனி இந்தத் தாளைப் படிக்கத்தான் வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் 2.5%, விற்பவர் தருவதோ 2%. மீதி 0.5% உங்கள் பொறுப்பு. பல இடங்களில் அதை வீட்டுக் கடனோடு சேர்க்க விடமாட்டார்கள். பத்திரம் முடிக்கும் நாளில் ரொக்கமாக எடுத்துவைக்க வேண்டியிருக்கும். விலை பேசும்போதே அந்த மீதியையும் விற்பவரே தரவேண்டும் என்று கேட்டு எழுதிவிடுவது நல்லது. விலை படிந்த பிறகு கேட்டால் யாரும் இறங்கிவரமாட்டார்கள்.

அடுத்து, 'தனியுரிமை' (exclusive, அதாவது இந்த ஏஜெண்டுக்கு மட்டுமே உரிமை) என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், ஒப்பந்தக் காலத்துக்குள், அதில் சொன்ன பகுதியில், சொன்ன வகை வீட்டை எந்த வழியில் வாங்கினாலும் தரகு உண்டு. நண்பர் சொன்ன வீடு, உரிமையாளரிடமே நேராகப் பேசி முடித்த வீடு, எல்லாம் கணக்கில் வரும். மனைவி பெயரிலோ சொந்தக் கம்பெனி பெயரிலோ வாங்கித் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்காகவே சில ஒப்பந்தங்களில் தனி விதி இருக்கும். இரண்டு ஏஜெண்டுகளிடம் இப்படிக் கையெழுத்திட்டால் இருவருமே தரகு கேட்கலாம்.

அதிகம் பேர் மாட்டுவது கட்டுநரின் மாதிரி வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை சும்மா பார்த்துவரலாம் என்று போய், வருகைப் பதிவேட்டில் தன் பெயரை மட்டும் எழுதிவிட்டு வருவார்கள். முதல் வருகையிலேயே ஏஜெண்ட் கூட இருக்க வேண்டும், அல்லது பதிவாகியிருக்க வேண்டும் என்பது பல கட்டுநர்களின் விதி. இல்லையென்றால் அவர்கள் ஏஜெண்டுக்குப் பணம் தரமாட்டார்கள். உங்கள் ஒப்பந்தமோ அப்படியே இருக்கும். தொகை முழுதும் உங்கள் தலையில் விழும். எங்கே தனியாகப் போனாலும் வாசலிலேயே ஏஜெண்டின் பெயரைச் சொல்லி எழுதிவையுங்கள்.

ஒப்பந்தத்தின் காலாவதி தேதியோடு எல்லாம் முடிந்துவிடாது. 'பின்தொடர் காலம்' என்று 60 நாளோ 90 நாளோ போட்டிருப்பார்கள். ஏஜெண்ட் காட்டிய வீட்டை அதற்குள் வாங்கினால் தரகு கொடுக்க வேண்டும். இங்கே இரண்டு திருத்தம் கேளுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த சில நாட்களுக்குள் ஏஜெண்ட் தான் காட்டிய வீடுகளின் பட்டியலை எழுத்தில் தரவேண்டும், பட்டியலில் இல்லாததற்கு உரிமை கோரக்கூடாது என்பது ஒன்று. வேறு ஏஜெண்டுடன் புதிய ஒப்பந்தம் போட்டால் இந்த விதி செல்லாது என்பது மற்றொன்று. நியாயமான நிறுவனம் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

விலை பேசி விற்பவரும் ஒப்புக்கொண்ட பின் நீங்கள் காரணமில்லாமல் பின்வாங்கினால், வீடு கைக்கு வராமலே தரகு கேட்கும் ஒப்பந்தங்களும் உண்டு. கடன் கிடைக்காமல் போனாலோ, ஆய்வில் பழுது தெரிந்தாலோ விலகலாம் என்ற நிபந்தனை கொள்முதல் ஒப்பந்தத்தில் இருந்தால், அதன்படி விலகுவது வேறு விஷயம். வருமானம், கடன் ஒப்புதல் பற்றி ஏஜெண்டிடம் உண்மையைச் சொல்வதும் உங்கள் கடமைதான்.

முதல் ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்குப் போடாதீர்கள். 30 நாள் போதும், பிடித்திருந்தால் நீட்டிக்கலாம். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் போடவும் கேட்கலாம். பகுதியையும் வீட்டு வகையையும் குறுக்கி எழுதச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் பொதுவாக ஏஜெண்டோடு அல்ல, அவருடைய நிறுவனத்தோடு. அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டாலும் நீங்கள் பழைய இடத்தில்தான் கட்டுண்டிருப்பீர்கள். விலக வேண்டுமானால் நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு எழுதி, பின்தொடர் காலத்தையும் சேர்த்து விடுவித்ததாகக் கையெழுத்திட்ட தாளை வாங்குங்கள். "சரி சார், விட்டுடலாம்" என்று போனில் சொன்னது போதாது.