பராலீகலின் 12 மணித்தியாலம்: எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது

டிசம்பர் கடைசியில் கனடாவின் ஒன்ராறியோவில் பராலீகல் (சட்டத்தரணி இல்லாமலே, உரிமத்தோடு சில வகை வழக்குகளைப் பார்ப்பவர்) வேலை பார்க்கும் யாருக்காவது போன் எடுத்துப் பாருங்கள். அவர்களுக்குப் பின்னால் ஏதோ ஒரு வகுப்பின் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு காது அங்கே, மற்றக் காது உங்களிடம். வருடத்துக்கான தொடர் கல்வி மணித்தியாலங்களை நிரப்பும் அவசரம் அது. கணக்கு நேராகிவிடும், மண்டையில் ஒன்றும் தங்காது.

புதிதாக உரிமம் எடுத்த பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வியும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். "அக்கா, ஆகக் கெதியாய் முடியிற வகுப்பு எது?" நான் திருப்பிக் கேட்பேன்: "இந்த வருசம் எந்த ஃபைலைத் திறக்கப் பயந்தீங்கள்?" முதலில் சிரிப்பார்கள், பிறகு ஒரு ஃபைலின் பெயர் வரும். படிக்க வேண்டியது அந்த ஃபைலில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். வீட்டு வாடகைப் பிரச்சினைகளும் சிறு கோரிக்கை வழக்குகளும்தான் என் தொழில். அந்த இரண்டிலும் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது எல்லாம் இப்படித் தேடிப் போன வகுப்புகளில்தான்.

முதலில் விதி. தெரிந்தவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். ஒன்ராறியோ சட்டச் சங்கம் பராலீகல்களுக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கியது 2007-இல். 2011 முதல் சட்டத்தரணிகளுக்கும் எங்களுக்கும் ஒரே தொடர் கல்வி விதி: ஒவ்வொரு நாட்காட்டி வருடமும் 12 மணித்தியாலம். அதில் குறைந்தது 3 தொழில்முறை மணித்தியாலமாக இருக்க வேண்டும், அதாவது தொழில் ஒழுக்கம், தொழில் பொறுப்பு, அலுவலக நிர்வாகம் போன்றவை. இவற்றுக்குச் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டும். அந்த 3-க்குள் ஒரு மணித்தியாலம் சமத்துவம், பன்மைத்துவம் பற்றியது. மீதி 9 சட்ட விடயம், அதற்கு முன் அங்கீகாரம் தேவையில்லை. மிஞ்சிய மணித்தியாலத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது. டிசம்பர் 31 தாண்டியும் நிரப்பாமல் இழுத்தடித்தால் உரிமத்தையே இடைநிறுத்தலாம். இடைநிறுத்தப்பட்டவர் கட்சிக்காரருக்காக ஒரு கடிதம்கூட எழுத முடியாது.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் இதைக் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். அங்கே பராலீகல் என்பவர் ஒரு சட்டத்தரணியின் மேற்பார்வையில் வேலை செய்பவர். கலிபோர்னியாவில் இரண்டு வருடத்துக்கு 4 மணித்தியாலம் ஒழுக்கம், 4 மணித்தியாலம் சட்டம். அதற்கான உறுதிப்படுத்தலை மேற்பார்வை செய்யும் சட்டத்தரணியிடம் கொடுத்தால் சரி. இங்கே நாங்கள் எங்கள் பெயரிலேயே நீதிமன்றத்தில் நிற்கிறோம். பிழை வந்தால் முன்னால் நிற்கச் சட்டத்தரணி ஒருவரும் இல்லை. 12 கூடுதல் என்று புறுபுறுப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

ஃபைலில் இருந்து படிப்பது என்றால் எப்படி? ஓர் உதாரணம் சொல்கிறேன். வாடகை கட்டாதவருக்கு நோட்டிஸ் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒருவர் வருகிறார். படிவம் ஒன்றும் பெரிய விடயம் இல்லை. குடியிருப்பு எந்த நாளோடு முடிகிறது என்று நோட்டிஸில் போடும் முடிவுத் தேதிதான் பொறி. 2006-ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டப்படி, நோட்டிஸை நேரில் கையில் கொடுத்தால் அன்றே கொடுத்ததாகக் கணக்கு. தபாலில் போட்டால், போட்ட நாளுக்குப் பிறகு 5-ஆம் நாளில்தான் கொடுத்ததாகக் கருதப்படும். கதவில் ஒட்டிவிட்டு வருவது முறையாகக் கொடுத்தது ஆகாது. கதவுக்கு அடியால் உள்ளே தள்ளலாம். முடிவுத் தேதி ஒரு நாள் முந்திவிட்டால் போதும், நோட்டிஸ் செல்லாது, அதன்மேல் போட்ட விண்ணப்பமும் விழுந்துவிடும். மாதக்கணக்கில் விசாரணைக்குக் காத்திருந்த வீட்டுக்காரரிடம் "முதலில் இருந்து தொடங்க வேண்டும்" என்று சொல்லும் வேலை உங்களுக்கு.

இந்தச் சங்கதி எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் நான் போன ஒரு வகுப்பில், பாடம் எடுத்தவர் தள்ளுபடியான தீர்ப்புகளைத் திரையில் போட்டு, ஒவ்வொன்றிலும் எங்களையே நாட்களை எண்ணச் சொன்னார். வாரக் கடைசி எங்கே விழுகிறது, தபாலில் போட்டதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது, யார் சாட்சி சொல்வார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. அடுத்த திங்கட்கிழமை எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்தோம். வாடகை ஃபைலின் முன் அட்டையில் மூன்று கட்டம்: எப்படிக் கொடுத்தோம், சட்டப்படி எந்த நாளில் கொடுத்ததாகக் கணக்கு, முடிவுத் தேதி. மூன்றையும் எண்ணி நிரப்புபவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். ஒரு வகுப்பு நல்லதா என்று கேட்டால் என் அளவுகோல் இதுதான். அது முடிந்த பிறகு அலுவலகத்தில் ஒரு தாளாவது மாறியிருக்க வேண்டும்.

சில வருடங்களில் எதைப் படிப்பது என்பதைச் சட்டமே முடிவு செய்துவிடும். 2019 செப்டம்பரில் குற்றவியல் சட்டத் திருத்தம் ஒன்று, சுருக்க விசாரணைக் குற்றங்கள் (எளிய நடைமுறையில் விசாரிக்கும் பாரம் குறைந்த குற்றங்கள்) பலவற்றின் உச்சத் தண்டனையை 6 மாதத்தில் இருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு நாள் குறைவு என்று உயர்த்தியது. 6 மாதத்துக்கு மேல் போனால் சட்டத்தரணி அல்லாதவர் ஆஜராக மாகாணத்தின் அனுமதி வேண்டும். குற்ற வழக்குப் பார்க்கும் பராலீகல்கள் அன்று பட்ட பதற்றம் கொஞ்சநஞ்சம் இல்லை. சிறு கோரிக்கை நீதிமன்றத்திலும் இப்படித்தான், ஆனால் நல்ல பக்கமாக. அங்கே கேட்கக்கூடிய தொகையின் உச்சம் 2010-இல் 10,000 டொலரில் இருந்து 25,000 ஆனது, 2020-இல் 35,000, 2025 ஒக்டோபர் முதல் 50,000. கடைசி உயர்வைக் கேட்டவுடன் பலர் சந்தோசப்பட்டார்கள், எனக்கும் சந்தோசம்தான். ஆனால் 50,000 டொலர் வழக்கு என்பது 10,000 டொலர் வழக்கின் ஐந்து மடங்கு கட்டணம் மட்டும் இல்லை. வீடு திருத்திய ஒப்பந்தக்காரர், நிபுணர் அறிக்கை, எதிர்ப்பக்கத்தில் அனுபவமுள்ள சட்டத்தரணி எல்லாம் சேர்ந்து வரும். சாட்சியச் சட்டத்தையும் குறுக்கு விசாரணையையும் கல்லூரியோடு மூடி வைத்தவர்கள் அவற்றை இனித் திறக்கத்தான் வேண்டும். இந்த வருடம் எதை எடுப்பது என்று தெரியாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு குறுக்கு விசாரணைப் பயிற்சி எடுங்கள். எழுந்து நின்று பேச வைக்கும் வகுப்பாக இருக்க வேண்டும், கேட்டுக்கொண்டிருக்கும் வகுப்பு வேண்டாம்.

தொழில்முறை 3 மணித்தியாலத்தைத்தான் எல்லோரும் மாற்றாந்தாய் மனத்தோடு பார்க்கிறார்கள். எனக்கு அது விளங்குவதில்லை. முறைப்பாடு வருவது பெரும்பாலும் சட்டம் தெரியாததால் இல்லை. போனுக்குப் பதில் சொல்லாததால், கட்டணத்தை எழுத்தில் போடாததால், கட்சிக்காரரின் காசைப் பொறுப்புக் கணக்கில் (அவர்களின் காசுக்கென்று தனியாக வைக்கும் வங்கிக் கணக்கில்) ஒழுங்காக வைக்காததால். எங்கள் ஆட்கள் உறையில் காசோடு வருவார்கள். ஒரு வழக்குக்கு ஒரு கட்சிக்காரரிடம் 7,500 டொலரோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்ற விதி இருப்பது அவர்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த குடும்பம், ஊர்க்காரர் என்பதற்காக அடையாளம் சரிபார்க்காமல் விடவும் முடியாது. மாமா முறையானவரிடம் "அடையாள அட்டையைக் காட்டுங்கோ" என்று கேட்பது சங்கடம்தான். "எனக்கு விதி இருக்கு மாமா, காட்டாட்டி ஃபைல் திறக்க ஏலாது" என்று ஒரே மூச்சில் சொல்லப் பழகியதும் ஒழுக்க வகுப்பின் புண்ணியம்.

அந்த 3-க்குள் செயற்கை நுண்ணறிவு பற்றிய ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். 2025-இல் ஒன்ராறியோ உயர் நீதிமன்றத்தில் ஒரு சட்டத்தரணி தாக்கல் செய்த வாதத் தாளில் இல்லாத வழக்குகள் மேற்கோளாக வந்து, நீதிபதி விளக்கம் கேட்கும் அளவுக்குப் போனது. வாதத்தையும் கடிதத்தையும் இப்போது எத்தனை பேர் இயந்திரத்திடம் எழுதக் கொடுக்கிறார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் தடுக்கவில்லை. ஆனால் மேற்கோள் ஒவ்வொன்றையும் கனடியத் தீர்ப்புகள் கிடைக்கும் கேன்லீ தளத்தில் திறந்து, உரிய பந்தியை வாசித்த பிறகுதான் கையெழுத்து. இலவசமாகத் திறந்து கிடக்கும் தளம், சாக்குச் சொல்ல இடமில்லை.

சரி, எப்படிப் படிப்பது? தனியாக இருந்து பதிவு பார்ப்பதை வருடத்துக்கு 6 மணித்தியாலம் வரைதான் சேர்க்கலாம். அதே பதிவைச் சக தொழில்காரர் ஒருவரோடு சேர்ந்து பார்த்தால் அந்த வரம்பு இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. நானும் இன்னொரு அலுவலகத்தில் இருக்கும் ஒரு சிநேகிதியும் சூமில் சேர்ந்து பார்ப்போம். விதி எழுதியவர்கள் எதை நினைத்தார்களோ தெரியாது, பலன் கைமேல் கிடைக்கிறது. தனியாகப் பார்க்கும்போது இடையில் மின்னஞ்சல் பார்க்கும் கை, இன்னொருவர் எதிரில் இருந்தால் அடங்கிவிடும். பாதியில் நிறுத்தி, "இதை உங்கட கட்சிக்காரருக்கு எப்பிடிச் சொல்லுவீங்கள்?" என்று கேட்டுக்கொள்வோம். தமிழில் நாலு வசனத்தில் சொல்லத் தடுமாறினால் திரும்பவும் ஓடவிடுவோம். வழிகாட்டுதல் கொடுப்பதும் பெறுவதும்கூட மணித்தியாலத்தில் சேரும். பாடம் எடுப்பதும் சேரும். வீட்டில் இருந்து சட்டம் வாசிப்பது இந்த 12-இல் சேராது; அதற்காக வாசிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் வருடத் தொடக்கத்திலேயே முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள்: வகுப்புக் கட்டணம் யார் கட்டுவது, வேலை நேரத்தில் போகலாமா? சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். கட்ட மாட்டேன் என்றால் சட்டச் சங்கத்தின் இலவச நிகழ்ச்சிகளையும் பராலீகல்களின் சங்கங்கள் நடத்துபவற்றையும் பாருங்கள். விலை கூடிய வகுப்பு எல்லாம் நல்ல வகுப்பு இல்லை. விளம்பரத்தில் தலைப்பைப் பார்க்காமல், யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். வாடகை வழக்குகளை விசாரிக்கும் சபையில் தீர்ப்பு எழுதியவரோ தினமும் அங்கே நிற்பவரோ எடுத்தால் காசு போனாலும் பரவாயில்லை.

கடைசியாக, பதிவு. வகுப்பு முடிந்த அன்றே சட்டச் சங்கத்தின் இணையப் போர்ட்டலில் போட்டுவிடுங்கள். சான்றிதழ், நிகழ்ச்சி நிரல், பணம் கட்டிய ரசீது மூன்றையும் வருடத்தின் பெயரில் ஒரே கோப்புறையில் வையுங்கள். சங்கம் பரிசோதனைக்குக் கேட்டால் அதை அப்படியே அனுப்பலாம். சேர்ந்து பார்த்த பதிவு என்றால் கூட இருந்தவரின் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள், அவரையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.