ஒரே பைக்கோவில ரெண்டு போர்ட், எது எது எண்டு கண்டுபிடிச்ச கதை

ஒட்டுசுட்டான்ல மாமான்ட கச்சான் தோட்டத்துக் கிணத்தில தண்ணி மட்டம் பாக்க ராஸ்பெரி பை பைக்கோ எண்ட சின்னக் கன்ட்ரோலர் பலகை ஒண்டு பூட்டி வைச்சிருக்கிறன். கிணத்தடிக் கொட்டிலுக்க லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப், அதுக்கும் பைக்கோவுக்கும் நடுவில ஒரே ஒரு யூஎஸ்பி வயர்தான். ஆனா டைனியூஎஸ்பி எண்ட யூஎஸ்பி நிரல் தொகுப்பை வைச்சு அந்த ஒரே வயரில ரெண்டு சீரியல் போர்ட், அதாவது தரவு போற ரெண்டு தனி வழி, வாற மாதிரி எழுதினனான். முதலாவதில நான் வாசிக்கிற லொக், அதாவது என்ன நடக்குது எண்ட பதிவு, வசனமா வரும். ரெண்டாவதில தண்ணி மட்டம் மட்டும் நம்பரா வரும், லேப்டாப்பில ஓடுற பைத்தன் ஸ்கிரிப்ட் அதைப் பாத்து ஒரு மீற்றருக்குக் கீழ போனா மோட்டரை நிப்பாட்டச் சொல்லும்.

லினக்ஸ் அந்த ரெண்டு போர்ட்டுக்கும் வைச்ச பேர், லொக் டிடிவைஏசிஎம்0 (ttyACM0), மட்டம் டிடிவைஏசிஎம்1. அந்தப் பேரை அப்பிடியே ஸ்கிரிப்டில எழுதி விட்டன், ரெண்டு கிழமை ஒரு குழப்பமும் இல்லை.

பிறகு ஒருநாள் பின்னேரம் மாமா கோல் எடுத்தார். "மருமோன், மோட்டர் காத்து இழுக்குது, உன்ட பெட்டி நிப்பாட்டேல்லயடா." ஓடிப்போய்ப் பாத்தா ஸ்கிரீன்ல 3.42, 3.42, 3.42 எண்டு ஒரே நம்பர் நிக்குது, கிணத்துக்க சேறு தெரியுது. எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு, அந்த மோட்டர் எரிஞ்சா மாமாக்கு அந்தப் போகத்தில கச்சானுக்குத் தண்ணி இல்லை.

அண்டு இரவு இருந்து தேடினதில பிடிபட்டது இதுதான். மோட்டர் ஸ்டார்ட் ஆகேக்க வாற இரைச்சலில யூஎஸ்பி ஒருக்கா அறுந்து திரும்ப ஒட்டியிருக்கு. மட்டம் வாசிக்கிற ஸ்கிரிப்ட் போர்ட்டை உடனை மூடிட்டுது, ஆனா லொக் பாக்கிற மற்ற ஸ்கிரிப்டில நான் பிழை வந்தா திரும்ப வாசி எண்டு மட்டும் எழுதினனான், மூடு எண்டு எழுதேல்ல. அது 0ஐப் பிடிச்சுக்கொண்டே இருந்திட்டுது. லினக்ஸ் எது வெறுமையா இருக்கோ அந்த நம்பரைத்தான் குடுக்கும், அதால லொக் போய் 1இல குந்திட்டுது, மட்டம் 2க்குப் போட்டுது. ஸ்கிரிப்ட் 1ஐத் திறந்து வசனங்களை வாசிச்சு, நம்பர் இல்லையெண்டு தள்ளிப்போட்டு, பழைய 3.42ஐயே வைச்சுக்கொண்டு இருந்திருக்கு.

அப்ப நம்பரை நம்பேலாது, வேற என்னத்தைப் பாக்கிறது? வயரைக் கழட்டித் திரும்பப் பூட்டி டிமெசேஜ் (dmesg, லினக்ஸ் உள்ளுக்க எழுதி வைக்கிற பதிவைக் காட்டுற கட்டளை) அடிச்சுப் பாத்தன், ரெண்டு வரி வந்துது. ஒண்டில 1-1.2:1.0 எண்டு இருக்கு, மற்றதில 1-1.2:1.2 எண்டு. முன்னுக்கு இருக்கிற 1-1.2 லேப்டாப்பில எந்த ஓட்டையில செருகியிருக்கு எண்டது. கடைசி இலக்கம்தான் முக்கியம், அது இன்டர்பேஸ் நம்பர், அதாவது பைக்கோவுக்குள்ள இருக்கிற தனித்தனி யூஎஸ்பிப் பகுதியின்ட இலக்கம், பைக்கோ தன்னைப் பற்றி லேப்டாப்புக்குச் சொல்லுற, நான் எழுதின டிஸ்கிரிப்டர்ல இருந்து வாறது, எத்தினை தரம் கழட்டிப் பூட்டினாலும் மாறாது. ஏன் 0, 1 எண்டு வராமல் 0, 2 எண்டு வருது எண்டு நானும் கனநேரம் முழிச்சனான். ஒவ்வொரு சிடிசி போர்ட்டும், அதாவது யூஎஸ்பிக்குள்ளால வாற சீரியல் போர்ட்டும், ரெண்டு இன்டர்பேஸ் எடுக்கும், ஒண்டு கட்டுப்பாட்டுக்கு, மற்றது தரவுக்கு. லொக்குக்கு 0உம் 1உம் போக அடுத்தது 2இல தொடங்குது.

லினக்ஸில தேவ், சீரியல், பை-ஐடி எண்டு உள்ளுக்க போனா இதை லினக்ஸே பேராக் கட்டி வைச்சிருக்கு, பைக்கோன்ட சீரியல் நம்பரும் கடைசியில ஐஎஃப்00, ஐஎஃப்02 எண்டும். ரெண்டு பைக்கோ செருகினாலும் சீரியல் நம்பரால பிரிச்சுப் பிடிக்கலாம். மலிவு ஆர்டுயினோ நானோ பலகையில வாற சிஎச்340 எண்ட யூஎஸ்பி சிப்பில பொதுவா சீரியல் நம்பர் இல்லை, அதுக்கு எந்த ஓட்டை எண்டு பாக்கிற பை-பாத்தான் வழி.

மச்சான்ட விண்டோஸ் லேப்டாப்பிலயும் பாத்தம். டிவைஸ் மேனேஜர்ல ரெண்டும் யூஎஸ்பி சீரியல் டிவைஸ் எண்டு ஒரே மாதிரி நிக்கும், காம் நம்பர் மட்டும் வேற. புரொபர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடிஸ் எண்டு போனா எம்ஐ_00, எம்ஐ_02 எண்டு அதே இலக்கம் இருக்கு. பைத்தன்ல சீரியல் போர்ட்டைத் திறக்கிற பைசீரியல் நிரல் தொகுப்பின்ட போர்ட் லிஸ்ட்ல லொக்கேஷன் எண்டதின்ட முடிவிலயும் அதே .0, .2 வரும், அதால இப்ப ஸ்கிரிப்ட் முதல்ல சீரியல் நம்பரைப் பாக்கும், பிறகு லொக்கேஷன் .2இல முடியுதா எண்டு பாத்துத்தான் திறக்கும்.

எழுதி முடிச்சு லொக் ஸ்கிரிப்டை வேணுமெண்டே மூடாமல் விட்டிட்டு வயரை அஞ்சு தரம் பிடுங்கிச் செருகினன். ஏசிஎம் நம்பர் மாறினாலும் மட்டம் பிழைக்கேல்ல. 30 செக்கனுக்குப் புது நம்பர் வராட்டி மோட்டரை நிப்பாட்டு எண்டும் ஒரு வரி சேத்தன், உண்மையில அது முதல் நாளே இருந்திருக்கவேணும். பைக்கோவுக்கே லேப்டாப் கதைக்காட்டி ரிலேயை (மோட்டருக்குக் கரண்டைக் குடுத்து நிப்பாட்டுற சுவிட்ச்) விடு எண்டு சொல்லியாச்சு. அடுத்த நாள் விடிய மாமா மோட்டரைப் போட்டிட்டு என்னோட கிணத்தடியில குந்தியிருந்தார், மட்டம் 1.00 தாண்டி 0.99 வரேக்க ரிலே டிக் எண்டுது, மோட்டர் நிண்டுது, மாமா எழும்பிப்போய்க் கிணத்துக் கட்டால எட்டிப் பாத்து "இன்னும் கிடக்குது தண்ணி" எண்டார்.