வீட்டுப் பிரிண்டர்: இங்க் செலவைக் கணக்குப் போட்டு வாங்குவது எப்படி

கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த பிரிண்டர் கண்ணில் பட்டால், உடனே பில் போடச் சொல்லாதீர்கள். அதில் போடும் கார்ட்ரிட்ஜின் (இங்க் அடைத்த சின்னப் பெட்டி) எண் என்ன என்று கேட்டு, அந்தக் கார்ட்ரிட்ஜ் தனியாக என்ன விலை, எத்தனை பக்கம் வரும் என்று தேடிப் பாருங்கள். கருப்பும் கலரும் சேர்ந்த ஒரு செட் பல மாடல்களில் பிரிண்டர் விலையில் பாதியை நெருங்கிவிடும். பெட்டியோடு கூடவே வரும் கார்ட்ரிட்ஜில் பெரும்பாலும் முழு அளவு இங்க் இருப்பதில்லை என்பதால், அந்தச் செலவு நினைத்ததைவிடச் சீக்கிரமே வந்து நிற்கும்.

போட வேண்டிய கணக்கு ஒன்றுதான். கார்ட்ரிட்ஜின் விலையை, டேங்க் பிரிண்டர் (உள்ளே உள்ள தொட்டியில் நாமே இங்க் ஊற்றும் வகை) என்றால் இங்க் பாட்டிலின் விலையை, அதில் வரும் பக்கங்களால் வகுங்கள். எச்.பி. 805 சாதாரணக் கருப்புக் கார்ட்ரிட்ஜுக்கு நிறுவனம் சொல்லும் அளவு சுமார் 120 பக்கம். அதே நிறுவனத்தின் 680 கருப்பு சுமார் 480 பக்கம். எப்சன் 003 கருப்பு பாட்டில் 65 மி.லி., 4,500 பக்கம். கேனன் ஜி.ஐ.-790 கருப்பு 135 மி.லி., 6,000 பக்கம். கையில் எடுத்துப் பார்த்தால் 805-ம் 680-ம் ஒரே மாதிரி சின்னப் பெட்டிதான், ஆனால் பக்க எண்ணிக்கையில் நான்கு மடங்கு வித்தியாசம். கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்தான் வாங்குவது என்று முடிவு செய்திருந்தால்கூட, எந்தக் கார்ட்ரிட்ஜ் குடும்பம் என்பதை வைத்து மாடலைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை, ஆப், டிஸ்பிளே எல்லாம் அதற்குப் பிறகு.

டேங்க் பிரிண்டருக்கான கலர் பாட்டில்களில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எப்சன் 003 கலருக்கு 7,500 பக்கம் என்று போட்டிருப்பது நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்று பாட்டிலும் சேர்ந்து தரும் எண்ணிக்கை. பாட்டிலுக்கு 7,500 என்று எடுத்துக்கொண்டு மூன்றால் பெருக்கக் கூடாது. மூன்று பாட்டில் விலையைக் கூட்டி 7,500-ஆல் வகுப்பதுதான் சரி.

இனி இரண்டு பிரிண்டர்களை ஒப்பிடுவோம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு மாறாது, எண்களை மட்டும் உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜ் விலை 900, வருவது 120 பக்கம் என்றால் பக்கத்துக்கு 7.5. பாட்டில் விலை 450, வருவது 4,500 பக்கம் என்றால் பக்கத்துக்கு 0.1. வித்தியாசம் 7.4. டேங்க் பிரிண்டர் 9,000 கூடுதல் விலை என்று வைத்துக்கொண்டால், 9,000-ஐ 7.4-ஆல் வகுக்க 1,216 பக்கம். அதாவது சுமார் 1,200 பக்கம் அடித்த பிறகுதான் டேங்க் பிரிண்டர் லாபம் தர ஆரம்பிக்கும். மாதம் 100 பக்கம் அடிக்கும் வீட்டில் ஒரு வருடத்தில் அந்த எல்லை வந்துவிடும். மாதம் 20 பக்கம் என்றால் ஐந்து வருடம் ஆகும், அதுவரை பிரிண்டர் நல்லபடியாக ஓட வேண்டும். மாதத்துக்கு நாலைந்து பக்கம் மட்டும் தேவைப்படும் வீட்டுக்கு, வெளியே கொடுத்து அடித்துக்கொள்வதைவிட மலிவான பிரிண்டர் எதுவும் இல்லை என்பதே என் முடிவு.

ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அந்த எண் பொய்யில்லை. இங்க்ஜெட்டுக்கு (கார்ட்ரிட்ஜோ டேங்கோ, திரவ இங்கில் அடிக்கும் பிரிண்டர்) ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர அமைப்பின் 24711, கருப்பு லேசருக்கு 19752 என்று அளவிடும் முறைகளே இருக்கின்றன. இங்க்ஜெட்டை 24712 என்ற இன்னொரு தரத்தில் வரையறுத்த ஐந்து சோதனைப் பக்கங்களைத் திரும்பத் திரும்ப அடித்து அளக்கிறார்கள். சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது. முதலாவது, பக்கத்தில் எவ்வளவு இங்க் விழுகிறது என்பது. கருப்பு எழுத்துப் பக்கத்தின் பரப்பில் பொதுவாக 5 சதவீதத்தில் இங்க் விழும் என்று கணக்கு, அதாவது தாராளமாக இடைவெளி விட்டு டைப் செய்த ஒரு குறுங்கடிதம். குழந்தைகளின் வண்ணப்படப் பாடத்தாள் 20 சதவீதத்தை எளிதில் தொடும், அப்போது சொன்ன எண்ணிக்கையில் கால் பங்குதான் கிடைக்கும். பக்கம் முழுக்க நிரம்பிய போட்டோ என்றால் அந்த எண்ணை மறந்துவிடலாம்.

இரண்டாவதுதான் முக்கியம், ஆனால் யாரும் சொல்வதில்லை. அந்தச் சோதனையில் பக்கங்கள் தொடர்ச்சியாக அடிக்கப்படுகின்றன. வீட்டில் யாரும் அப்படி அடிப்பதில்லை. இன்று இரண்டு பக்கம், பத்து நாள் கழித்து ஒரு பக்கம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும், நீண்ட இடைவெளிக்குப் பிறகு அடிக்கும்போதும், பிரிண்டர் தன் ஹெட்டை (தாளில் இங்கைத் தெளிக்கும் பாகம்) சுத்தம் செய்ய கொஞ்சம் இங்கை உறிஞ்சி உள்ளே இருக்கும் பஞ்சில் கொட்டுகிறது. 'நான் கலரே அடிப்பதில்லை, கலர் எப்படித் தீர்ந்தது?' என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான். சில மி.லி. மட்டுமே பிடிக்கும் கார்ட்ரிட்ஜில் இந்த இழப்பு பெரிது, 65 மி.லி. பாட்டிலில் அவ்வளவு உறுத்தாது. எப்போதாவது மட்டும் அடிப்பவர்கள், தாங்கள் கார்ட்ரிட்ஜுக்குக் கொடுத்த பணத்தில் கணிசமான பங்கைக் காகிதத்தில் பார்ப்பதே இல்லை.

ஆகவே மாதம் எத்தனை பக்கம் என்று கேட்பதோடு, இரண்டு பிரிண்டுக்கு நடுவே எத்தனை நாள் இடைவெளி விழும் என்றும் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் தொடாமல் கிடக்கும், அடிப்பதும் கருப்பு எழுத்து மட்டும்தான் என்றால் கருப்பு லேசரை வாங்குங்கள். டோனர் என்பது பொடி, காய்ந்துபோக அதில் ஈரமே இல்லை. மூன்று மாதம் கழித்து ஆன் செய்தாலும் முதல் பக்கமே சுத்தமாக வரும், தண்ணீர் பட்டாலும் எழுத்து கலையாது. டோனர் விலை 3,000, பக்கம் 1,500 என்று வைத்தால் பக்கத்துக்கு 2. டேங்கைவிட அதிகம்தான், ஆனால் சுத்தம் செய்கிறேன் என்று எதையும் கொட்டுவதில்லை. டிரம் (டோனரைத் தாளுக்கு மாற்றும் உருளை) தனியாக இருக்கும் மாடலா என்று மட்டும் பாருங்கள். டிரம் பல ஆயிரம் பக்கங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பாகம், அதன் விலையையும் அதன் பக்கங்களால் வகுத்து டோனர் செலவோடு கூட்ட வேண்டும். லேசரோடு வரும் முதல் டோனரும் பல மாடல்களில் குறைந்த அளவுள்ளதே. இன்னொன்று, ஃபியூசர் (பொடியைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் பாகம்) சூடாகும்போது லேசர் சட்டென்று நிறைய மின்சாரம் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் சின்ன யு.பி.எஸ்.ஸில் அதைச் சொருகாதீர்கள், நேராகச் சுவரில் உள்ள பிளக்கில் கொடுங்கள்.

வீட்டுக்குக் கலர் லேசரை நான் பரிந்துரைப்பதில்லை. நாலு டோனரையும் மொத்தமாக மாற்றும் நாள் வரும்போது அந்தச் செலவு தாங்காது. கலர் வேண்டும், வாரத்துக்கு ஒருமுறையாவது ஓடும் என்றால் டேங்க்தான் சரி.

டேங்க் பிரிண்டர்களுக்குள்ளும் பார்க்க வேண்டியவை உண்டு. முதலில் ஹெட். கேனன், எச்.பி. டேங்க் மாடல்களில் இங்கைச் சூடாக்கித் தெறிக்கவைக்கும் ஹெட், பெரும்பாலான வீட்டு மாடல்களில் நாமே கழற்றி வேறு போடலாம். எப்சனும் பிரதரும் பீசோ முறை, சூடே இல்லாமல் அழுத்தத்தால் துளியைத் தள்ளுவது. ஹெட் நீடித்து உழைக்கும், ஆனால் பிரிண்டரோடு சேர்ந்தே இருக்கும், பழுதானால் சர்வீஸ் சென்டர்தான். எப்போதாவது அடிப்பவருக்குக் கழற்றும் ஹெட், தினமும் அடிப்பவருக்குப் பீசோ என்பது என் கருத்து. அடுத்து, கருப்பு இங்க் பிக்மென்டா (நுண்துகள் கலந்தது), டையா (கரைந்த சாயம்) என்று பாருங்கள். பிக்மென்ட் கருப்பு சாதாரணத் தாளில் அழுத்தமாக, கூர்மையாக நிற்கும், ஈரக்கை பட்டாலும் பரவாது. டை கருப்பில் எழுத்தின் ஓரம் லேசாகக் கசியும், மார்க்கர் பேனாவால் கோடிட்டால் இழுவிக்கொண்டு வரும். மூன்றாவது, கழிவு இங்க் சேரும் பஞ்சு. அது நிறைந்துவிட்டது என்று பிரிண்டரின் கணக்கில் வந்ததும், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் அது அடிக்க மறுத்துவிடும். மெயின்டனன்ஸ் பாக்ஸ் என்ற பெயரில் நாமே மாற்றிக்கொள்ளும் பெட்டியாக இது சில மாடல்களில் வருகிறது. ஒரே விலையில் இரண்டு மாடல் இருந்தால் அந்த வசதி உள்ளதை எடுங்கள்.

வாங்கிய பிறகு இங்க் வீணாகாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. பிரிண்டரில் உள்ள பவர் பட்டனை அழுத்தித்தான் ஆஃப் செய்ய வேண்டும். அப்போது ஹெட் வலது ஓரத்துக்குப் போய், அங்குள்ள ரப்பர் மூடி மேல் உட்கார்ந்துகொள்ளும், நாசில்கள் (இங்க் வெளிவரும் நுண்துளைகள்) காற்றுப் படாமல் மூடப்படும். சுவர் சுவிட்சை நேரடியாக அணைத்தால் ஹெட் பாதி வழியில் திறந்தபடி நின்றுவிடலாம், அப்படியே காயும். வாரம் ஒருமுறை எல்லா நிறமும் உள்ள ஒரு பக்கம் அடித்தால் போதும், அந்தச் சில துளி இங்க் ஹெட் கிளீனிங்கில் போவதைவிட மிகக் குறைவு.

பிரிண்டில் கோடு விழுந்தால் எடுத்த எடுப்பில் கிளீனிங் கொடுக்காதீர்கள். முதலில் நாசில் செக் என்ற சோதனைத் தாளை அடியுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் படிக்கட்டுபோல இறங்கும் சின்னச் சின்னக் கோடுகள் வரும். எந்த நிறத்தில் கோடு விடுபட்டிருக்கிறது என்று வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, தாளைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். விடுபட்டிருந்தால் ஒரு கிளீனிங், மறுபடி நாசில் செக். இரண்டு மூன்று முறைக்கும் சரியாகவில்லை என்றால் ஆஃப் செய்து ஓர் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காய்ந்த இங்க் மெல்ல இளகவும், ஹெட்டில் சிக்கிய காற்றுக்குமிழ் விலகவும் அந்த நேரம் வேண்டும். திரும்பத் திரும்பக் கிளீனிங் அழுத்துவது பாட்டிலைக் காலி செய்து பஞ்சை நிரப்புவதற்கு மட்டுமே உதவும். பவர் கிளீனிங் (நிறைய இங்கை இழுத்துச் செய்யும் பலமான சுத்தம்) கடைசி முயற்சி, டேங்கில் இங்க் குறைவாக இருக்கும்போது அதைத் தொடவே கூடாது.

டேங்கின் கீழ்க்கோட்டுக்கு வருமுன்பே இங்க் ஊற்றுங்கள். ஸ்கிரீனில் தெரியும் அளவு பல மாடல்களில் ஓட்டத்தை வைத்துப் போடும் மதிப்பீடுதான், கண்ணால் டேங்கைப் பார்ப்பதே நிச்சயம். கோட்டுக்குக் கீழே போய்க் காற்று குழாய்க்குள் ஏறிவிட்டால், அதை வெளியேற்றவே நிறைய இங்க் செலவாகும். புது பிரிண்டரில் முதல்முறை ஊற்றும்போது குழாய்களை நிரப்பவே கொஞ்சம் போய்விடும், அதனால் முதல் பாட்டில் சொன்ன பக்கம் தராது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கம்ப்யூட்டரில் பிரிண்ட் கொடுக்கும்போது 'கிரேஸ்கேல்' (கருப்பு-வெள்ளையாக அடிப்பது) என்பதோடு 'பிளாக் இங்க் ஒன்லி' என்ற தேர்வு இருந்தால் அதையே போடுங்கள். வெறும் கிரேஸ்கேலில் சில பிரிண்டர்கள் சாம்பல் நிறத்தைக் கலர் இங்குகளைக் கலந்தே உண்டாக்கும். தாள் வகையைச் சாதாரணத் தாள் என்றே வைத்திருங்கள். போட்டோ தாள் என்று இருந்தால் பிக்மென்ட் கருப்பை விட்டுவிட்டுக் கலர்களைக் கலந்து கருப்பு அடிக்கும் மாடல்கள் உண்டு. இணையப் பக்கத்தை அடிக்கும்போது பிரவுசரில் பின்னணிப் படங்கள் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

வேறு நிறுவன இங்க் போடலாமா என்றால், கார்ட்ரிட்ஜில் போடலாம், டேங்கில் வேண்டாம் என்பேன். ஹெட்டோடு சேர்ந்த கார்ட்ரிட்ஜ் கெட்டால் போவது அந்தக் கார்ட்ரிட்ஜ் மட்டும். ஊசியால் ரீஃபில் செய்பவர்கள் எழுத்து மங்கத் தொடங்கியதுமே நிரப்ப வேண்டும், இங்க் இல்லாமல் ஓடினால் சூட்டில் நாசில் கருகிவிடும். டேங்கில் ஒரிஜினல் பாட்டிலே பக்கத்துக்கு மிகக் குறைவாக வரும்போது, மிச்சமாகும் சொற்பத் தொகைக்காக ஹெட்டைப் பணயம் வைப்பது கட்டுப்படியாகாது. சிப் உள்ள கார்ட்ரிட்ஜ்களில் இன்னொரு ஆபத்து ஃபர்ம்வேர், அதாவது பிரிண்டருக்குள் ஓடும் மென்பொருள். 2016 செப்டம்பரில் எச்.பி.யின் சில ஆபீஸ்ஜெட் மாடல்களில் மாற்றுக் கார்ட்ரிட்ஜ்கள் திடீரென்று நிராகரிக்கப்பட்டன, பிறகு அந்தத் தடையை நீக்கும் ஃபர்ம்வேரை அந்த நிறுவனமே வெளியிட்டது. மாற்று இங்க் போடுவதாக இருந்தால் தானியங்கி அப்டேட்டை அணைத்து வைப்பது நல்லது. எச்.பி. பிளஸ் போன்ற திட்டத்தில் ஒருமுறை சேர்ந்துவிட்டால் ஒரிஜினல் தவிர வேறு போட முடியாது என்பதையும் பதிவு செய்யும் முன்பே படித்துவிடுங்கள். மாதச் சந்தா திட்டங்களில் கணக்கு பக்கத்துக்குத்தான், ஒரு வரி அடித்தாலும் முழுப் போட்டோ அடித்தாலும் ஒன்றே. கலர் படம் அதிகம் அடிப்பவருக்கு லாபம், எழுத்து மட்டும் அடிப்பவருக்கு நஷ்டம். சந்தாவை நிறுத்தினால், உள்ளே இங்க் மிச்சமிருந்தாலும் அந்தக் கார்ட்ரிட்ஜ் வேலை செய்யாது.

பழைய டேங்க் பிரிண்டர் மலிவாகக் கிடைத்தால், விற்பவர் எதிரிலேயே நாசில் செக்கும், மொத்தப் பக்க எண்ணிக்கை காட்டும் ஸ்டேட்டஸ் தாளும் அடித்துப் பாருங்கள். நாசில் செக்கில் இடைவெளி இருந்து, விற்பவர் 'ஒரு கிளீனிங் கொடுத்தால் சரியாகிவிடும்' என்றால், அங்கேயே கொடுக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். கழிவுப் பஞ்சு நிறையப் போகிறது என்ற எச்சரிக்கை வருகிறதா என்றும் கவனியுங்கள், வந்தால் அதை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். டேங்க் மூடிகள் இறுக்கமாக மூடியிருக்கின்றனவா என்று பார்த்து, பிரிண்டரைச் சாய்க்காமல், மட்டமாகவே வைத்து எடுத்து வாருங்கள்.